தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன கடிதத்தில் நீ எழுதிய ஒரு வரி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. "ஏரித் தண்ணீரில் பாதரசம் அனுமதித்த அளவுக்குக் கீழேதான் இருக்கிறதுப்பா, பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தாய். உன் கணக்கில் பிழை இல்லை, கருவியும் சரியாகத்தான் காட்டியிருக்கும். ஆனால் உலோகம் தண்ணீரில் தங்குவது கொஞ்ச நேரம்தான்மா. அந்த ஒரு எண்ணை வைத்து ஏரி முழுவதற்கும் நற்சான்று கொடுத்துவிட முடியாது.

பூச்சிமருந்து என்றால் வெயிலும் நுண்ணுயிரும் சேர்ந்து என்றைக்காவது அதைச் சிதைத்துவிடும். பாதரசம், ஈயம், காட்மியம் எல்லாம் தனிமங்கள். அவை அழிவதே இல்லை. இடம் மாறும், எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மாறும், அவ்வளவுதான். நிலக்கரி எரியும்போது ஆவியாகக் கிளம்பும் பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் மிதந்து, கண்டம் தாண்டிப் போய் இறங்கும். சுற்றுவட்டாரத்தில் ஆலையே இல்லாத வடதுருவப் பனிக்கரடியின் உடலில் பாதரசம் வந்தது அப்படித்தான்.

ஏரியில் இறங்கிய பாதரசம் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். நீ நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். சேற்றின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் கந்தகம் கலந்த சல்பேட் என்ற உப்பை வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அங்கே வாழ்கின்றன. சேறு கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அவை மும்முரமாக இருக்கின்றன என்று அர்த்தம். அவற்றில் பல, பாதரசத்தோடு ஒரு மீத்தைல் தொகுதியை, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டை, சேர்த்துவிடும். விளைவு, மீத்தைல் பாதரசம். சாதாரணப் பாதரச உப்பை விழுங்கினால் குடல் அதில் சிறு பங்கைத்தான் உள்ளே விடும். மீத்தைல் பாதரசத்தையோ கிட்டத்தட்ட முழுவதுமாக விட்டுவிடும்.

அப்புறம் பாசி, மிதவை உயிரி, சின்ன மீன், பெரிய மீன் என்று அது மேலே ஏறும். தின்பது நாள்தோறும், வெளியேறுவதோ மெதுவாக. கடைசியில் பிற மீன்களைத் தின்னும் மீனின் தசையில், தண்ணீரில் இருப்பதைப் போல 10 லட்சம் மடங்குக்கு மேல்கூடச் சேர்ந்திருக்கலாம். தசைப் புரதத்தோடு பிணைந்து கிடப்பதால் கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

ஜப்பானின் மினமாட்டாவில் முதலில் தள்ளாடி விழுந்தவை மீன் தின்ற பூனைகள். அதே மீனைத் தின்ற மனிதர்களுக்கும் வந்த அந்த நரம்பு நோய் 1956 மே 1 அன்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. அங்கே கடலில் கழிவை விட்டுவந்த சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலையின் சொந்த மருத்துவமனையில் இருந்த மருத்துவர் ஹொசொகாவா, ஆலைக் கழிவுநீரை ஒரு பூனைக்கு உணவில் கலந்து கொடுத்து, 1959-இல் அதே நோய் வருவதைக் கண்டார். அதை நிர்வாகம் வெளியே விடவில்லை. ஆலையின் பாதரசக் கழிவு நின்றது 1968-இல். இந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. தாய் ஓரளவு நலமாக இருக்க, பிள்ளைகள் கைகால் முடங்கிப் பிறந்தார்கள். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்றுதான் மருத்துவர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை உலர்த்திப் பத்திரப்படுத்தும் வழக்கம் அங்கே உண்டு. ஹராடா என்ற மருத்துவர் அந்தக் கொடிகளைச் சேகரித்துச் சோதிக்க ஏற்பாடு செய்தார். மீத்தைல் பாதரசம் அவற்றில் இருந்தது.

காட்மியம் வேறு வழியில் வரும். அதே ஜப்பானில் ஜின்சு ஆற்றில் கலந்த சுரங்கக் கழிவு பாசன நீரோடு வயலுக்குப் போய், பயிரின் வேர் வழியாக அரிசிக்குள் ஏறி, உண்டவர்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுத்தது. துத்தநாகம் போன்ற தேவையான உலோகங்கள் நுழையும் வாசல் வழியாகவே அதுவும் நுழைகிறது. ஈயமோ கால்சியத்தின் வேடத்தில் எலும்பில் குடியேறிப் பல பத்தாண்டுகள் கிடக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தை மட்டும் சோதித்தால் குறைவாகத்தான் தெரியும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, தாய் சிறுவயதில் வாங்கிய ஈயமும் கூடவே கிளம்பிக் குழந்தைக்குப் போகும். ரத்தத்தைப் பார்த்து எலும்பை மறப்பதும், தண்ணீரைப் பார்த்துச் சேற்றை மறப்பதும் ஒரே தவறுதான்மா.

அதனால் அடுத்த முறை மாதிரி எடுக்கப் போகும்போது சேற்றுக்கும் தனி டப்பா கொண்டு போ. மேல் அடுக்கைக் கலைக்காமல் எடு, மீத்தைல் பாதரசத்தைத் தனியாக அளக்கச் சொல். மீனில் சின்னது, பெரியது இரண்டும் வேண்டும். ஒவ்வொன்றின் நீளத்தையும் குறித்துக்கொள், ஒரே இனத்தில்கூட வயதான மீனில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். அந்த மீனையே நம்பி வாழும் குடும்பங்கள் சம்மதித்தால் தலைமுடியும் கொஞ்சம் வாங்கு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். வேர்ப்பக்கம் எது என்று அடையாளம் வைத்தால், எந்த மாதம் எவ்வளவு உடம்புக்குள் போனது என்று வரிசையாகப் படிக்கலாம். கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களிடம் முதலில் பேசு. முடிவு வரும்வரை பெரிய மீனைத் தவிர்த்துச் சின்ன மீனைச் சாப்பிடச் சொல்.

எண்கள் வந்ததும் எனக்கு அனுப்பு. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா