கயலுக்கு எந்தப் புத்தகம்?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு மூட்டு வலி குறைந்து, கோயிலுக்கு நடந்தே போய் வருவதாக எழுதியிருந்தாய். படித்துக் காட்டியதும் இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இங்கே எல்லோரும் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். காலையில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மத்தியானம் வரை எனக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது.

நம்ம பாப்பா கயல் கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு நகைப் பட்டறையிலேயே இருக்கப்போகிறாள் என்பது எனக்கு எத்தனை பெரிய செய்தி தெரியுமா! அரம் போடும்போது உதிரும் தங்க ராவுதூளையும் வெட்டுத்துண்டையும் உருக்குக் கடையில் கொடுக்காமல் தானே சுத்தம் செய்யப் பழகவேண்டும் என்கிறாளாம், என்ன புத்தகம் வாங்கித் தரலாம் என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் தங்கத்தின் மாற்று, அதாவது சுத்தம், பார்க்கும் லேபில் கிடந்தவனிடம் கேட்டால் கடிதம் நீளத்தான் செய்யும்.

முதலில் ஒன்று. தங்கம் சுத்திகரிக்கிற புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும், தங்கத்தை எப்படிக் கரைப்பது என்ற பக்கத்தைப் பாப்பா முதலில் புரட்ட வேண்டாம். அதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். ராஜதிராவகம் என்றால் உப்புத் திராவகம் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) மூன்று பங்கு, வெடியுப்புத் திராவகம் (நைட்ரிக் அமிலம்) ஒரு பங்கு. அதற்கு ஒரு புத்தகம் தேவையில்லை. கிளம்பும் புகையை என்ன செய்வது, கரைசலில் தங்கம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, மிஞ்சிய தண்ணீரை எங்கே கொட்டுவது, இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

இந்த மூன்றிலும் தேறுகிற புத்தகம் ஒன்று உண்டு. 1940-இல் நியூயார்க்கில் வந்த 'ரிஃபைனிங் பிரெஷஸ் மெட்டல் வேஸ்ட்ஸ்'. எழுதியவர் சி.எம். ஹோக். அட்டையில் இனிஷியல் மட்டும் இருப்பதால் பலரும் ஆண் என்று நினைப்பார்கள். காம் மாரிசன் ஹோக் என்ற அம்மையார் அவர், நகைத் தொழிலாளர்களுக்கு ஆலோசனை சொன்ன வேதியியலாளர். இதைப் பாப்பாவிடம் கட்டாயம் சொல். பெரிய ஆலைக்கு எழுதியதல்ல. நகைப் பட்டறைக்காரர், பல் மருத்துவர், சின்ன அளவில் சுத்தம் செய்பவர் ஆகியோருக்கென்றே எழுதியது. ராவுதூளில் இருக்கும் அரத்தின் இரும்பைக் காந்தத்தால் எடு, மெழுகும் காகிதமும் போக எரி, அப்புறம்தான் திராவகம் என்று பட்டறையில் நம் பக்கத்தில் நின்று சொல்வதுபோல இருக்கும். தரைக் குப்பையை நீயே சுத்தம் செய்யப் பார்க்காதே, பெரிய சுத்திகரிப்பாளரிடம் அனுப்பிவிடு என்றும் சொல்கிறார். தன் புத்தகத்தின் எல்லையைத் தானே சொல்கிற ஆசிரியரை நான் நம்புவேன்.

அதில் ஆரம்பத்திலேயே பழக்கப் பரிசோதனைகள் சில உண்டு. பாப்பா பட்டறைத் தங்கத்தைத் தொடும் முன் அவற்றை முடிக்கட்டும். முக்கியமாக, ஸ்டேனஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பை வைத்துச் செய்யும் சோதனை. குண்டுமணி அளவு தங்கத்தைக் கரைத்து, அந்த மஞ்சள் நீரில் கண்ணாடிக் குச்சியை நனைத்து வடிதாளில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அதன்மேல் ஸ்டேனஸ் குளோரைடு ஒரு சொட்டு. தங்கம் இருந்தால் கண்ணெதிரே கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அதிகமாக இருந்தால் கறுத்தே போகும். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 'காசியஸ் ஊதா' என்று பேர் பெற்ற நிறம் அது. தங்கத்தைத் தூளாகக் கீழே இறக்கிய பிறகு மேலே நிற்கும் நீரில் இதே சோதனையைச் செய்து, தாள் நிறம் மாறாமல் இருந்தால்தான் அந்த நீரை அடுத்த ஜாடிக்கு மாற்றலாம். அப்போதும் சாக்கடையில் கொட்டக் கூடாது. இரும்புத் துண்டு போட்ட ஜாடியில் சேர்த்து வைத்தால், கண்ணுக்குத் தப்பியதும் செம்பும் சேர்ந்து அடியில் படியும்.

ஹோக் புத்தகம் வந்த அதே 1940-இல் கோபன்ஹேகனில் நடந்ததையும் சொல்கிறேன். ஜெர்மன் படை ஊருக்குள் நுழைந்தபோது, விஞ்ஞானி நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் பாதுகாப்புக்கு வைத்திருந்த இரண்டு நோபல் பதக்கங்களை, அங்கே வேலை செய்த வேதியியலாளர் ஹெவெஷி ராஜதிராவகத்தில் கரைத்துவிட்டார். ஃபான் லாவே, ஃபிராங்க் என்ற ஜெர்மன் இயற்பியலாளர்கள் இருவருடையவை. போர் முடியும்வரை அந்தக் கரைசல் அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்தது. பிறகு தங்கத்தை மீட்டெடுத்து மறுபடி பதக்கமாக வார்த்துக் கொடுத்தார்கள். தேடி வந்தவர்களில் ஒருவன் வடிதாளில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்திருந்தால் கதையே வேறு. வெறும் கண்ணுக்குக் கரைசல் ஒன்றும் சொல்லாது. அதனால்தான் சோதனையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இரண்டாவது புத்தகம் பக்பீ எழுதிய தீ மாற்று நூல், அதாவது நெருப்பில் உருக்கி மாற்றுப் பார்ப்பது பற்றியது. 1922-இல் முதல் பதிப்பு. ஈயத்தோடு சேர்த்து உருக்கி, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் ஈயத்தை உறிஞ்சவிட்டு, மிஞ்சும் மணியை எடைபோடும் முறை. நம்ம ஹால்மார்க் மையங்களில் தங்கத்துக்கு ஐஎஸ் 1418 என்ற இந்தியத் தரநிலைப்படி நடப்பதும் அடிப்படையில் இதுதான். பாப்பா இதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், வீட்டில் செய்ய வேண்டாம். ஈயப் புகை உள்ள வேலை குழந்தைகள் நடமாடுகிற இடத்தில் கூடவே கூடாது.

அக்ரிகோலாவை ஆசைக்குப் படிக்கலாம். சுரங்கம், உலோகம் பற்றி 1556-இல் லத்தீனில் வந்த நூல். 1912-இல் ஆங்கிலமாக்கியவர்கள் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹென்றியும். ஹூவர்தான் பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். மரச்செதுக்குப் படங்களைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும். ஆனால் பாதரசத்தைச் சாதாரணமாகக் கையாண்ட காலம் அது. செய்முறைக்கு அந்தப் பக்கம் போகவே கூடாது.

பழைய ஆங்கில நூல்களில் அளவுகளிலும் கவனம் வேண்டும். தங்கத்துக்கு அவர்கள் சொல்வது டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். சமையல் சாமானுக்குச் சொல்லும் அவுன்ஸ் 28.35 கிராம்தான். பென்னிவெயிட் என்று வந்தால் 1.555 கிராம். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் கிராமில் எழுதிக்கொள்ளச் சொல்.

எதில் படித்தாலும் சரி, வீடியோவில் பார்த்தாலும் சரி, மூன்று விஷயங்களை நீ மறக்காமல் பாப்பாவிடம் சொல்ல வேண்டும். தங்கக் கரைசலில் அம்மோனியா சேர்க்கவே கூடாது. காய்ந்தால் வெடிக்கிற பொருள் உண்டாகும். வெடியுப்புத் திராவகத்தில் எழும் செம்பழுப்புப் புகை சுவாசத்தில் போனால் அப்போது லேசான இருமலோடு நின்றுவிட்டதுபோல இருக்கும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். புகைக்கூண்டு வைக்காமல் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது. அப்புறம், பழைய நகை உருக்கினால் கேடிஎம் என்ற காட்மியம் கலந்த பற்றவைப்பு இருக்கலாம். அதிலிருந்து வரும் காட்மியப் புகையும் அதே அளவுக்குக் கொடியது.

புத்தகத்தில் இல்லாததும் உண்டு. திராவகம் வாங்க அடையாள அட்டை காட்ட வேண்டும், கடைக்காரர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இதையே தொழிலாகச் செய்வதென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள். உன் தெருவில் உருக்குக் கடை வைத்திருக்கும் மராட்டியர்களை விட்டுவிடாதே. சாங்லி பக்கத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக இதே வேலை செய்பவர்கள். மூசையில் வெங்காரம் எப்போது போடுவது, உருகிய தங்கத்தின் முகம் எப்போது தெளிகிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் இருக்கிறது. பாப்பாவைக் கொஞ்ச நாள் அங்கே உட்காரவை. கூச்சப்பட வேண்டாம், கேட்டால் சொல்லித்தருவார்கள்.

ஹோக் புத்தகம் இணையத்திலும் கிடைக்கிறது. இருந்தாலும் என் பிரதியைக் கூரியரில் அனுப்புகிறேன், ஓரத்தில் நான் எழுதிய குறிப்புகள் அவளுக்கு உதவும். அவள் படித்து முடிக்கும் வரை ராவுதூளை ஒரு டப்பாவில் போட்டு மூடிவை. ஒரு மாதத்தில் எவ்வளவு சேருகிறது, டச், அதாவது அதில் சுத்தத் தங்கம், எவ்வளவு வருகிறது என்று எழுது. வெள்ளி எத்தனை சதவீதம் என்பதும் வேண்டும். பத்துக்கு மேல் போனால் வெள்ளிக் குளோரைடு தங்கத்தை மூடிக்கொண்டு கரைய விடாது, வேறு வழியில் போக வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் தடவை எதில் ஆரம்பிப்பது என்று சொல்வேன்.

பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம். அதற்குள் ஹோக்கில் புரியாத இடங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்