கோராபுட்டிலிருந்து மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்த நேரம் ஊர் ஊராக முகாம். இன்றுதான் உட்கார முடிந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி வயிற்றில் பால் வார்த்தது. முழங்கால் வலிக்கு வைத்தியரை மாற்றிப் பார் என்று எத்தனை முறை சொல்வது!

"மலேரியா ஒழிந்துவிட்டதே, அங்கே இன்னும் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறாய். சென்னையில் மொட்டைமாடித் தொட்டியையும் கிணற்றையும் மூடிவைத்தால் பாதிக் கவலை தீரும். ஒடிசாவின் இந்தக் கோராபுட் மலையில் நோயைப் பரப்பும் கொசு சாக்கடையை ஏறிட்டும் பார்க்காது. தெளிந்து மெல்ல ஓடும் ஓடையில்தான் முட்டையிடும். ஊரே புழங்கும் தண்ணீரில் எந்த மருந்தைத் தெளிப்பாய்?

முகாமில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டுப் பிரிப்பதில்லை. எல்லோருக்கும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதனை அட்டையில் விடுகிறோம். கிருமி இருந்தால் கால் மணி நேரத்தில் கோடு தெரிந்துவிடும். சென்ற வாரம் நாலு வயதுப் பயல் ஒருவன் ஊசியைக் கண்டதும் ஓட்டமெடுத்தான். துரத்திப் பிடித்த, ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா பெண்ணுக்கு மேல்மூச்சு வாங்கியது. தொட்டுப் பார்த்தால் உடம்பில் சூடே இல்லை. கோடோ பளிச்சென்று விழுந்தது. கீழிமையை இறக்கினால் வெளுத்துக் கிடக்கிறது. இடது விலாவுக்குக் கீழே வீங்கிய மண்ணீரல் கையில் தட்டுப்படுகிறது. முதல் வேளை மாத்திரையைத் துப்பினான். மறுபடி கொடுத்தோம்.

பிறந்த சில மாதங்கள் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் ஓரளவு காக்கும். பிறகு ஐந்து வயது வரை கண்டம்தான். ஃபால்சிபாரம் என்னும் மலேரியாக் கிருமி மூளைக்கு ஏறினால், உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைப்பது கடினம். அடிக்கடி நோய் கண்டு உடம்பு பழகிய பிள்ளைக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். ஆனால் சோகை ஆளை அரிக்கும். அவனைக் கடித்த கொசு கிருமியைப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குக் கொண்டுபோகும்.

2017இல் ஒடிசா அரசு தொடங்கிய 'தமன்' திட்டம் குறிவைத்தது இந்தக் காய்ச்சலில்லா மலேரியாவைத்தான். அதே வருடம் மருந்து ஏற்றிய கொசுவலைகளும் வீடு வீடாக வந்தன. 2016இல் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்த மாநிலத்தின் மலேரியா நோயாளி எண்ணிக்கை 2018இல் எழுபதாயிரத்துக்கும் கீழே இறங்கியது. அண்மையில் மறுபடி ஏறுகிறது. வலைக்கு ஆயுள் ஏறக்குறைய மூன்று வருடம்தானே!

"வலை கொடுத்தாலும் இந்த ஜனங்கள் கட்டுவதில்லை" என்று ஜீப்பில் வந்து போகிறவர்கள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பயிர்க்காவலுக்குக் குடும்பத்தோடு மலைச்சரிவுக் குடிசையில் படுக்கிறார்கள். நான்கு கம்பும் ஒரு கூரையும்தான், சுவர் கிடையாது. காற்றில் பறக்கும் வலையை அங்கே ஓர் இரவு கட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

தை மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். விசாகப்பட்டினத்தில் ரயில் ஏறினால் இங்கேயே இறங்கலாம். முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். காப்பித்தூள் வேண்டாம், இங்கே அருமையாக விளைகிறது. சுண்டைக்காய் வற்றல் மட்டும் மறக்காதே.

அன்புடன்,
வசந்தா