சொதி கேட்ட மகளுக்கு

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

சிரஞ்சீவி மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, மாத்திரையை மாத்தித் தந்திருக்காங்க. போன வாரம் தேங்காப்பால் சொதி எப்படி வைக்கணும்னு கேட்டியே, போன்ல சொன்னா நீ பாதியைக் காதுல வாங்க மாட்டே, எழுதி அனுப்புதேன்னு சொன்னேன். எழுத உக்காந்தா வேற ஒண்ணு முன்னால வந்து நிக்குது. அதைச் சொல்லிட்டு சொதிக்கு வாரேன்.

நீ வாங்கித் தந்த டேப்லெட்ல உன்னோட கிண்டில் கணக்கைத்தானே போட்டுத் தந்திருக்கே. நீ வாங்குத புத்தகம் எல்லாம் இங்கயும் வந்து விழுது. எத்தனை சதவீதம் படிச்சிருக்கேன்னும் கூடவே காட்டுது. நான் வேவு பாக்கலை, பாப்பா. கண்ணுல படுது. சித்திரையில இருந்து ஒம்பது புத்தகம், ஒம்பதும் பிரிஞ்சவங்க மறுபடியும் சேருத கதை. கொலை, பழிவாங்கல்னு இல்லாம இப்படி லேசா, இனிப்பா நீ படிக்குததில எனக்குச் சந்தோஷம்தான். ஆனா 72, 74, 71, 76. ஒம்பதுல ஒண்ணைக்கூட நீ முடிக்கலை.

நூலகத்தில புத்தகம் எடுத்துக் குடுத்தவளுக்கு இது தெரியும். போரடிச்சா ஆளுங்க முதல் 40 பக்கத்துக்குள்ள வச்சிருவாங்க. எழுபதைத் தாண்டிட்டு வச்சா அது பயம்.

ரெண்டாவது வாய்ப்புன்னு சொல்லுத இந்த வகைக் கதைக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் பத்து சதவீதத்துக்குள்ள ரெண்டு பேரும் மறுபடி பாத்துக்கிடணும்: ஒரு கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, விக்கப்போற பூர்வீக வீடு, ஏதாவது. பாதிக்குள்ள பழைய பேச்சு திரும்பும், சிரிப்பு வரும். எழுபது, எழுபத்தஞ்சுல மறுபடி ஒரு பிரிவு. முதல் காதல் கதையிலயும் அந்த இடத்தில ஒரு சண்டை இருக்கும். ஆனா இங்க அந்த இடத்துக்கு வேலை வேற. அன்னைக்கு அவங்களைப் பிரிச்ச அதே கேள்வி திரும்ப வாசல்ல வந்து நிக்கணும். பணத்துக்காகப் பிரிஞ்சிருந்தா பணம் வரணும். வீட்டுல உள்ளவங்க பேச்சைக் கேட்டுப் பிரிஞ்சிருந்தா வீட்டுல உள்ளவங்க வரணும். இந்தத் தடவை அவ என்ன சொல்லுதாங்கதுதான் கதை. மீதி 25 சதவீதத்தை அதுக்காகத்தான் எழுதியிருக்காங்க. அங்க நிறுத்தினா பிரிவை ரெண்டு தடவை படிச்சதுதான் மிச்சம். ஒம்பது புத்தகம், பதினெட்டு பிரிவு. மனசு என்னத்துக்கு ஆகும்?

முடிச்சுப் படி. கடைசி அத்தியாயத்தை முதல்ல படிச்சுட்டு வந்து நடுவுல இருந்து தொடர்ந்தாலும் தப்பில்லை. துப்பறியும் கதையிலதான் அது பாவம். இதுல சேருவாங்கன்னு தெரிஞ்சுதானே புத்தகத்தை எடுக்கோம். எப்படிச் சேருதாங்கன்னுதான் பாக்கணும். ராத்திரி 11 மணிக்கு மேல படிக்காதே. அந்த நேரத்தில பிரிவு ரெண்டு மடங்கு கனக்கும், சேருதது பாதிதான் ஏறும்.

வாங்குததுக்கு முன்னாலயே பாத்துக்கிடலாம். மாதிரிப் பக்கம் சும்மா தாரான்லா, அதுல அன்னைக்கு ஏன் பிரிஞ்சாங்கன்னு தேடு. ஒரே ஒரு போன் பண்ணிப் பேசியிருந்தா தீர்ந்திருக்கும்னா அந்தப் புத்தகம் வேண்டாம். கடிதம் தொலைஞ்சு போச்சு, தங்கச்சியைக் காதலின்னு நினைச்சுட்டான், இதெல்லாம் ஊடலுக்குத்தான் தாங்கும், ஏழெட்டு வருஷப் பிரிவுக்குத் தாங்காது. வள்ளுவர் புலவியை உப்புன்னு சொன்னது அளவுக்குத்தானே. இன்னொண்ணு, கை நீட்டினவனை 'ஆன்டி ஹீரோ'ன்னு சொல்லி கடைசி அத்தியாயத்தில திருத்துத கதை. அதுக்கும் ரெண்டாவது வாய்ப்புன்னுதான் பேர் வைக்காங்க. அதை எடுக்காதே. அப்புறம், அத்தனை வருஷமும் அந்தப் பொண்ணு என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு பாரு. வேலை, சிநேகிதி, சொந்தக் காசு எதுவும் இல்லாம சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னான்னா அந்தக் கதையில உயிர் இருக்காது. நீ பாரு, இந்த ஏழு வருஷத்தில தனியாப் போய் ஒரு வீடே பாத்து வாங்கியிருக்கே. பெரியத்தை வீட்டு விசேஷத்தில நான் அதைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனித் தேரோட்டத்துக்கு நீ வராததையும் அங்கதான் எல்லாரும் கேட்டாங்க. நாலாவது வருஷம்.

மாத நாவல்ல கடைசி ஏன் சப்புன்னு போகுதுன்னு சின்னப்பிள்ளையில கேப்பே. அச்சகத்தில 16 பக்கம் சேர்ந்து ஒரே தாளா அச்சாகும், அதுக்குப் பாரம்னு பேர். 96, 112, 128ன்னுதான் புத்தகம் நிக்கும். 112 பக்கத்தில பிரிவையே 100 பக்கம் எழுதிட்டா மன்னிப்புக்குப் பன்னிரண்டு பக்கம்தான் மிஞ்சும், ஒரு அழுகையில முடிச்சிருவாங்க. இணையத்தில அத்தியாயம் அத்தியாயமாப் போடுத கதைக்கு நேர் எதிர் வியாதி: ஆளுங்க தொடர்ந்து வரணும்னு அதே சந்தேகத்தை நாலு தடவை கிளப்புவாங்க. ரெண்டும் இல்லாம இருக்கணும்னா கடைசிக் கால்வாசியில அத்தியாயங்க நீளமா இருக்கான்னு பாரு.

மன்னிப்பு எப்படி இருக்கணும்னு சொல்லுதேன், உன் ஒம்பது புத்தகத்திலயும் நீ அதைத்தான் படிக்காம விட்டிருக்கே. செஞ்ச தப்பு என்னன்னு பேர் சொல்லிக் கேக்கணும். 'மன்னிச்சிரு, ஆனா'ன்னு 'ஆனா' வந்திரப்படாது. கேட்டதோட நிக்காம கையில இருந்து ஏதாவது போகணும்: ஒரு வேலை, ஒரு கௌரவம், ஊர்ல ஒரு நல்ல பேர். அவ உடனே சரின்னு சொல்லப்படாது. அப்படிச் சொல்லுத கதையில எனக்கு நம்பிக்கை வராது. இந்த மூணும் மன்னிப்புக் கேக்குதவன் ஆம்பளையா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி.

இந்த வகைக்கெல்லாம் பாட்டி மாதிரி ஒரு புத்தகம் இருக்கு. ஜேன் ஆஸ்டின் எழுதின 'பெர்சுவேஷன்'. அந்த அம்மா 1817 ஜூலையில இறந்துபோனாங்க, அதே டிசம்பர்ல புத்தகம் வந்தது. அதுல உள்ள பொண்ணு ஆன், 19 வயசுல ஒரு கப்பற்படை அதிகாரிக்குச் சரின்னு சொல்லிட்டு, அவங்கிட்ட சொத்து இல்லைன்னு அம்மாவோட சிநேகிதி புத்தி சொன்னதால விட்டிருதா. தாய் இல்லாத பொண்ணு, அந்தச் சிநேகிதிதான் தாய் மாதிரி. எட்டு வருஷம் கழிச்சு அவன் பணத்தோட திரும்பி வாரான், இவளுக்கு 27. கடைசியில அவன் ஒரு உண்மையைக் கேக்கான்: கொஞ்சம் காசு சேர்ந்ததுமே எழுதியிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியான்னு. அவ ஆமாங்கா. ஆறு வருஷத்தைத் தன்னோட வீம்புல தொலைச்சோம்னு அவன் ஒத்துக்கிடுதான். தப்பு ஒருத்தர் தலையிலயே விழாம எல்லார் கையிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அதனாலதான் 200 வருஷம் கழிச்சும் அதைப் படிக்க முடியுது. அதை முதல்ல முடி. மத்ததெல்லாம் பெறகு.

போன ஞாயித்துக்கிழமை நீ பேசும்போது பின்னால இருந்து 'தேங்கா எங்கட்டி வச்சிருக்க?'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. டி.வி.ன்னு சொன்னே. சரின்னு விட்டுட்டேன். நம்ம ஊர்ப் பேச்சு எனக்குத் தெரியும், ஏட்டி. குரலும் தெரியும். நான் எதுவும் கேக்கலை. இப்பவும் கேக்கலை. அப்பாட்ட, பிள்ளை சொதி கேட்டான்னு மட்டும் சொன்னேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டு, சொதியான்னு ஒரு தடவை கேட்டாங்க. பெறகு வெகு நேரம் ஒண்ணும் பேசலை. சொதி நம்ம வீடுகள்ல கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்குத விருந்துன்னு உனக்குத் தெரியாததா.

கதைங்கள்ல இன்னொரு தப்பும் நடக்குது, அதையும் எழுதிருதேன். காலையில ரிஜிஸ்டர் ஆபீஸுக்குள்ள போவாங்க, மத்தியானம் மாலையோட வெளிய வருவாங்க. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி அப்படி முடியாது. முதல்ல அறிவிப்புக் குடுக்கணும், ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்தில அதுக்கு முன்னால 30 நாள் குடியிருந்திருக்கணும். அறிவிப்பு குடுத்து 30 நாள் காத்திருக்கணும், மூணு மாசத்துக்குள்ள முடிக்கணும். மூணு சாட்சி கையெழுத்துப் போடணும். பெத்தவங்களும் சாட்சியா இருக்கலாம், தடை ஒண்ணும் இல்லை. நான் விசாரிச்சேன்.

பாப்பா, அந்த ஆஸ்டின் புத்தகத்தைப் பத்தி எழுதினப்பவே இதையும் எழுதியிருக்கணும். மடங்கி மடங்கிப் போயிட்டேன். அன்னைக்கு அடுக்களையில வச்சு நீ விரும்பின பையனுக்கு வேலை நிலையில்லைன்னு உங்கிட்ட சொன்னேன். அது காரணம் இல்லை. ஆறு மாசத்தில வேலை நிலைக்கும்னு எனக்கும் தெரியும், நூலகத்தில பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்த பிள்ளையை தினம் பாத்தவ நான்தானே. எந்தத் தெருப் பையன்னு பெரியத்தை கேப்பாளேன்னு பயந்தேன். சாதிதான் காரணம். அதை வாயால சொல்ல வெக்கப்பட்டு வேலையைச் சொன்னேன். நீ நல்ல பிள்ளை, நான் சொன்னதை நம்பினே. அந்த ஆன், நான் கேட்டது தப்பில்லை, எனக்குச் சொன்னவங்கதான் தப்பாச் சொன்னாங்கன்னு கடைசியில பெரிய மனசோட சொல்லுவா. நீ எனக்காக அப்படிச் சொல்ல வேண்டாம். அந்தச் சிநேகிதி தப்பாவது நல்லதுன்னு நினைச்சுச் செஞ்சது. நான் செஞ்சது அப்படி இல்லை. மன்னிச்சிரு. பெரியத்தைகிட்டயும் போன செவ்வாய்க்கிழமை போய் இதையே சொல்லிட்டேன். அவ இன்னும் எங்கிட்ட பேசலை. பேசும்போது பேசட்டும்.

ராத்திரி 11 மணிக்கு மேல படிக்காதேன்னு ஏற்கெனவே எழுதிட்டேன்னு நினைக்கேன். உன்னோட 72 சதவீதப் புத்தகத்தை நான் திறக்கலை. நான் மேல படிச்சா கடைசியாப் படிச்ச பக்கம்னு உன் போனுக்கு என்னோட பக்கம் வந்திரும். நீ முதல்ல முடி, அப்புறம் நான் படிக்கேன்.

இனி சொதி. நல்லா முத்தின தேங்காய் ஒண்ணு. துருவி, வெந்நீர் தெளிச்சு அரைச்சு முதல் பால் ஒரு தம்ளர் எடுத்துத் தனியா வை. ரெண்டாம் பால் ஒண்ணரை, மூணாம் பால் ஒண்ணரை. பாசிப்பருப்பு ரெண்டு கைப்பிடி, லேசா வாசம் வர வறுத்து மலர வேகவச்சு மசிச்சுக்கோ. காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், சின்ன வெங்காயம் பத்து முழுசா. காயை மூணாம் பால்ல உப்புப் போட்டு வேகவை. பச்சைமிளகாய் அஞ்சும் ஒரு விரல் இஞ்சியும் அரைச்சு விட்டு, பருப்பையும் ரெண்டாம் பாலையும் சேத்து மிதமான தீயில பச்சை வாசம் போக விடு. முதல் பாலை ஊத்தினதும் பக்கத்தை விட்டு நகராதே. ஓரத்தில நுரை கூடும்போதே அணைச்சிரு, கொதிச்சா திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் அடுப்பில இருக்கும்போது பிழியாதே, அதுவும் திரியும். இறக்கி, சூடு கொஞ்சம் ஆறின பெறகு அரைப் பழம். நெய்யில கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டு. தொட்டுக்கிட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் கட்டாயம்.

நான் எழுதினது ரெண்டு பேருக்கு உள்ள அளவு.

அம்மா