வேலியை வெட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

தோட்டக் குடியிருப்பாளர் சங்கத் தலைவருக்கும் செயலவையினருக்கும், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் (கூட்டுத் துப்புரவுப் பணியில்) நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள செம்பருத்தி வேலியை அடியோடு வெட்டிச் சிமெண்டு போடப் போவதாக வாட்ஸ்அப்பில் பார்த்தேன். டிங்கிக் காய்ச்சல் பயம், புரிகிறது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுவது தேங்கிய தண்ணீரில். புதரில் கொசு ஒதுங்கும், அதையும் மறுக்கவில்லை. அதற்கு வேலியைக் கத்தரித்தால் போதாதா?

அந்த வேலியில் தையல்சிட்டு குடியிருக்கிறது. பத்து கிராம்கூடத் தேறாத குருவி. தலையில் துரு நிறம், முதுகு பாசிப்பச்சை, வயிறு வெளுப்பு, வால் விறைத்து நிற்கும். காலையில் 'டுவீட் டுவீட்' என்று லயத்தையே எழுப்பும் சத்தம் இந்தப் பொடிசுடையதுதான்.

கூட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இலைகளை வளைத்து, ஓரத்தில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலோ பஞ்சோ நாரோ கோத்துத் தைத்துவிடும். நூலின் நுனி வெளிப்பக்கம் பிசிறிப் புடைத்திருப்பதால் துளையிலிருந்து நழுவாது. இலை காம்போடு இருப்பதால் பச்சை மாறாது. பாராங் கத்தி பிடிப்பவர் கண்ணுக்கு அது வெறும் இலைதான். உள்ளே பஞ்சு மெத்தையில் பெரும்பாலும் மூன்று முட்டை இருக்கும். மலாய்க்காரர்கள் 'மாத்தி ஆனாக்' என்று சொல்லும் குயில் வேறு சில சமயம் அதில் தன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். பாவம், அந்தக் குஞ்சையும் இதுதான் வளர்க்கும்.

நாள் முழுக்க இது பொறுக்குவது புழு, சிறு வண்டு, பூச்சிகளை. நம் அம்மாமார் போட்ட கத்தரி, வெண்டைப் பாத்தி வேலியை ஒட்டித்தானே இருக்கிறது? செம்பனைக்கும், அதாவது எண்ணெய்ப் பனைக்கும், பறவை வேண்டும். 2008-இல் வெளிவந்த சபா மாநில ஆய்வு ஒன்றில், பறவை நுழையாதபடி வலைபோட்டு மூடிய செம்பனைக் கன்றுகளில் பூச்சி தின்ற இலைச்சேதம் கூடியது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். சிமெண்டு வேலையைக் கைவிடுங்கள். வேலியை மேலே மட்டும் கத்தரியுங்கள். சனிக்கிழமையே நான் வந்து இலை இலையாகப் பார்த்து, கூடு இருக்கும் செடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நாடா கட்டி வைக்கிறேன். அந்த இடத்தை ஒரு மாதம் தொடாமல் விட்டால் குஞ்சுகள் பறந்துவிடும். டயர், வாளி, பூச்சாடித் தட்டு கவிழ்க்கும் வேலைக்கும் ஞாயிறு காலை ஆளாக நிற்பேன். வெட்டப் போகிறவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி லயத்துக்காரன்