சேலைக்கு நிற்பது தனி வித்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி விளம்பரப் படப்பிடிப்புகள் தொடங்கும்போதெல்லாம், மாடலாக விரும்பும் பெண்களுக்கு ‘தன்னம்பிக்கையோடு நில்லுங்கள், நல்ல போர்ட்ஃபோலியோ (வாய்ப்புக் கேட்கும்போது காட்டும் படத் தொகுப்பு) எடுத்து வையுங்கள்’ என்ற அறிவுரை நிறைய வருகிறது. தன்னம்பிக்கைக்கு இன்று யாரிடமும் பஞ்சமில்லை. சேலையோடு நிற்கத்தான் தெரிவதில்லை. செல்ஃபியில் பழகிய போஸ் ஜவுளிக்கடை விளம்பரத்தில் எடுபடாது. அங்கே விற்பனைக்கு இருப்பது முகமல்ல, ஐந்தரை மீட்டர் துணி.

முதலில் செருப்பு. படத்துக்குப் போடப்போகும் ஹீல்ஸைப் போட்டுக்கொண்டுதான் சேலை கட்ட வேண்டும். கட்டிய பிறகு போட்டால் கீழ்க்கரை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை எந்த போஸாலும் மறைக்க முடியாது.

கேமராவுக்கு நேராக இரு காலிலும் சமமாக ஊன்றி நின்றால் தூண் மாதிரி இருக்கும். உடலைச் சுமார் 45 டிகிரி திருப்பி, எடையைப் பின்காலில் போட்டு, முன்கால் முட்டியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். முன்காலை ஒரு பாத அளவுக்கு மேல் நீட்டினால் கொசுவம் பிரிந்துவிடும். கை இடுப்போடு ஒட்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவே பின்னணி தெரிகிற அளவு இடைவெளி விட்டால்தான் இடுப்பு வளைவு தெரியும்.

எந்தப் பக்கம் திரும்புவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வழக்கமான கட்டில் முந்தானை இடது தோளில் போகிறது. வலப்பக்கத்தைக் காட்டினால் மார்புக்குக் குறுக்கே ஏறும் கரை எடுப்பாகத் தெரியும், முந்தானை பின்னால் போய்விடும். முந்தானை வேலைப்பாடுதான் முக்கியம் என்றால் இடப்பக்கம். அந்தப் பக்கம் இடுப்பும் தெரியும் என்பதால், எங்கே சேஃப்டி பின் குத்துவது என்பதை முன்பே பேசிவிடுவது நல்லது. முந்தானையை விரித்துப் பிடிக்கும்போது முழங்கையை விறைப்பாக நீட்ட வேண்டாம். விரல்கள் துணிக்குப் பின்னால் இருக்கட்டும், கரை மேல் வேண்டாம். கனமான பட்டு என்றால் சில நிமிடத்தில் கை கடுக்கும், தோள் தானாகக் காதை நோக்கி ஏறும், கழுத்து குட்டையாகிவிடும். ஷாட்டுக்கு ஷாட் கையைத் தொங்கவிட்டு ஆற்றிக்கொள்வதில் வெட்கமில்லை.

நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய டேப்பை விட்டு நகராதீர்கள். விளக்கு ஒன்றரை மீட்டரில் இருக்கும்போது அதை நோக்கி அரை மீட்டர் வந்துவிட்டால், மேலே விழும் வெளிச்சம் இரண்டு மடங்குக்கும் அதிகமாகும். ஜரிகை தங்க நிறம் போய் வெள்ளையாக வெளிறிவிடும். உடலைச் சற்றே திருப்பினாலும் ஜரிகையின் மினுக்கம் மாறும். அதனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒரு முறை கை, அடுத்த முறை பார்வை. தலையைத் திருப்பியதும் ஜிமிக்கி ஆடி நிற்க ஒரு நொடி பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் நகைப் படம் போயிற்று. தாடையைப் பின்னால் இழுப்பது செல்ஃபி பழக்கம், இல்லாத இரட்டைத் தாடை வந்துவிடும். நெற்றியைக் கொஞ்சம் முன்னே தள்ளித் தாடையைச் சிறிது தாழ்த்துங்கள். நேரில் கோணலாகத் தோன்றும், படத்தில் சரியாக இருக்கும்.

வீட்டிலேயே பழகலாம். கைபேசியை இடுப்பு உயரத்தில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்து, பின்கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் போட்டு, டைமரில் எடுங்கள். கண் உயரத்திலிருந்து எடுக்கும் முழு உருவப் படத்தில் கால்கள் குட்டையாகும். முன்கேமரா கைக்கெட்டும் தூரத்தில் மூக்கைப் பெரிதாக்கும்; அதைப் பார்த்துப் பழகுவது வீண்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தச் சேலைக்கு முந்தானை வேண்டும், எதற்குக் கரை வேண்டும் என்ற பட்டியலை முதல் நாளே மாடலுக்கு அனுப்புங்கள். மாலை ஆறு மணிக்கு, இருபதாவது சேலை கட்டும்போது அதைச் சொல்கிறீர்கள்.

இப்படிக்கு,
விளம்பரப் படப்பிடிப்புக் குழுவினர், சென்னை