கூடையைப் பரண்மேல் ஏற்றி வைத்தவர்களுக்கு

அன்புள்ள கடலூர், புதுச்சேரி உறவுகளுக்கு,

வணக்கம். நீங்கள் பணம் போட்டு எடுத்த நம் படம் தணிக்கை முடிந்து 'யு' சான்றிதழோடு கைக்கு வந்துவிட்டது. படத்தின் முடிவில் பெயர்ப்பட்டியல் நான்கு நிமிடம் ஓடுகிறது. உங்கள் பெயர்கள் அதில் இருக்கின்றன. நீங்கள் செய்தது என்னவென்று அதில் இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி திருப்பாதிரிப்புலியூர் ஸ்டுடியோ முதலாளிக்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது நான் அவரிடம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. "மார்கழியில் முகூர்த்தம் ஏது? கேமரா சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ" என்றார். வாடகை கேட்கவில்லை. தாத்தா காலத்துப் பலாமரம் விழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியை எட்டு நாள் படமெடுத்தேன். அந்தப் பதினாறு நிமிட ஆவணப்படம்தான் எனக்குச் சென்னையில் உதவி இயக்குநர் வேலை வாங்கித் தந்தது.

அங்கே ஒன்பது ஆண்டுகள் ஓடின. கதையை இரண்டு முறை முழுவதுமாகக் கேட்டு, பூஜைக்கு நாள் குறிக்கச் சொன்ன ஒரு தயாரிப்பாளர், முன்பணம் தரவேண்டிய வாரத்தில் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். அன்றிரவே ஊருக்குப் பஸ் ஏறினேன். அதன்பின் இன்றுவரை எங்கள் வீட்டு வாடகை என் மனைவியின் சம்பளத்தில் போகிறது. ஒரு நாளும் அவள் கணக்குக் கேட்டதில்லை.

உங்களிடம் பணம் கேட்டு வந்தபோது இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன், நினைவிருக்கும். ஒருவர் நம் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன். தன் கதையைத் தானே படமாக்கித் தேசிய விருது வாங்கியவர். இன்னொருவர் ஷியாம் பெனகல். 1976இல் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு அவருடைய 'மந்தன்' படத்தைத் தயாரித்தார்கள். இதைக் கேட்டுவிட்டு, முதுநகர் மீன் ஏலக்கூடத்தில் ஒரு அக்கா இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, ஈரமான நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். "அவர்கள் பாலுக்குப் போட்டார்கள், நாங்கள் மீனுக்குப் போடுகிறோம்" என்றார். அந்தத் தாளை நான் செலவழிக்கவே இல்லை.

படப்பிடிப்பு நேரடி ஒலிப்பதிவு. துறைமுகத்தில் அது எவ்வளவு பெரிய தொல்லை என்பது ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்கு, படகுகள் வரிசையில் காத்திருக்க, எங்களுக்காக அந்த இயந்திரத்தை ஐந்து ஐந்து நிமிடமாக நிறுத்திக் கொடுத்த தம்பிகளே, படத்தில் கேட்கும் நண்டுகளின் சலசலப்பு நீங்கள் தந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த நண்பர்கள், கேமராவையே பார்த்திராதவர்களுக்கு இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஆடு ஒன்று மூன்று காட்சிகளில் வருகிறது. அதற்கு விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தெரிந்து நான் திகைத்து நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து ஆட்டைப் பரிசோதித்துச் சான்று எழுதிக் கொடுத்தார் கால்நடை மருத்துவர் ஒருவர்.

இனி, நம் படத்தில் நடித்த மீன் விற்கும் பெரியம்மாவுக்கு.

படத்தின் கடைசிக் காட்சி, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் எல்லாம் ஒன்றாகக் கடலுக்குப் போவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கட்டிக்கிடந்த படகுகள், டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு உப்பனாற்று முகத்துவாரத்தைத் தாண்டும். ஆண்டுக்கு ஒரு முறைதான் அது நடக்கும். கரையில் அன்னக்கூடையோடு பெரியம்மா நிற்க, ஒரே ஷாட்டில் எடுத்தோம். மறுநாள் பார்த்தால் மெமரி கார்டு திறக்கவில்லை. சென்னைவரை கொண்டுபோயும் மீட்க முடியவில்லை. அடுத்த ஜூனுக்கு ஓர் ஆண்டு இருந்தது. படத்தைக் கைவிட்டுவிடலாம் என்றுதான் அன்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

மறு ஆண்டு ஜூன் 13 அன்று, வருவாரோ மாட்டாரோ என்ற தயக்கத்தோடு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மகனை ஏணி போடச் சொன்னார். பரண்மேல் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த அன்னக்கூடை இறங்கியது. விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நெளிவு. அதன் கீழே கரி படிந்த தழும்பு. அப்படியே இருந்தது. "கூடை மாறினால் படத்தில் தெரிந்துவிடும் என்றாயே தம்பி. தொழிலுக்கு எடுத்துப்போனால் இன்னும் நாலு இடத்தில் நெளியும். அதனால் எடுக்கவில்லை" என்றார். அந்த ஓராண்டும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கூடையில் மீன் விற்றிருக்கிறார். அந்தக் காட்சியில் கட்டியிருந்த சேலையும் ரவிக்கையும் அதே பரணில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

பெரியம்மா, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் இந்தப் பகுதியை நானே வந்து வாசித்துக் காட்டுவேன். சினிமாவில் கன்டினியூட்டி என்று ஒரு வேலை உண்டு; வேறு வேறு நாளில் எடுத்தாலும் உடையும் பொருளும் மாறாமல் பார்த்துக்கொள்வது. ஒன்பது ஆண்டுகள் அதைச் சென்னையில் செய்தேன். உங்களைப் போல அதைச் செய்தவரை நான் பார்த்ததில்லை.

பணம் கொடுத்த யாருடைய பெயராவது விட்டுப்போயிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த பிரதியில் சேர்த்துவிடுகிறோம். முதல் திரையிடல் துறைமுக மக்களுக்குத்தான். எல்லோரும் கரையில் இருக்கும் தடைக்காலத்தில், தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரவு ஏழரை மணிக்குத் திரை கட்டுகிறோம். நாள் முடிவானதும் வீடு வீடாக வந்து சொல்கிறேன். பாய் கொண்டு வாருங்கள், மணல் ஈரமாக இருக்கும்.

நன்றியுடன்,
உங்கள் இயக்குநர்