மழை விடுமுறையும் அம்மாவின் போனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு மழை விடுமுறை விடாத வருடம் அரிது. விடுமுறை என்று தெரிந்ததுமே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்து விழும். அம்மாவின் போன் பிள்ளையின் கைக்குப் போகும். அதே போனில்தான் ஜிபே இருக்கிறது, சொந்தக்காரர்கள் குழு இருக்கிறது, ராத்திரி பார்த்த கொலைச் செய்தியை ஒட்டி யூடியூப் எடுத்து நீட்டும் அடுத்த வீடியோவும் இருக்கிறது. "பிள்ளைக்குப் போன் கொடுக்காதீர்கள்" என்று பேசிவிட்டுப் போகலாம். பாடத்தைப் போனிலேயே அனுப்பும் ஆசிரியர்களாகிய நாங்கள் அதைச் சொல்வது நியாயமில்லை.

முதல் வேலை, வீட்டுப்பாடத்தைத் தாளில் இறக்குவது. குழுவில் வந்ததைப் பெரியவர் வாசிக்க, பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்தில் போனுக்கு வேலை முடிந்துவிடும். வீடியோ பார்த்தே ஆகவேண்டிய பாடமா? பாடநூலில் உள்ள க்யூஆர் கோடை அரசின் தீக்ஷா பாடச் செயலியில் ஸ்கேன் செய்தால் நேரே அந்தப் பாடத்துக்குப் போகும். அதை முதலில் டவுன்லோடு செய்யுங்கள். பிறகு ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபை தனியாக ஆனில் நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். விளம்பரமும் வராது, அழைப்பும் வராது. மழையில் சிக்னல் போனாலும் பாடம் ஓடும்.

திரையை ஒரே செயலியில் பூட்டி வைக்கும் 'பின்' வசதியைப் பலர் நம்புகிறார்கள். விடுவிக்கும்போது பூட்டு எண் கேட்கும்படி வைக்காவிட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையே அதை எடுத்துவிடும். யூடியூபைப் பூட்டிக் கொடுத்தாலும் ஷார்ட்ஸ் உள்ளேதானே இருக்கிறது!

பணத்துக்கும் இது பொருந்தும். யுபிஐ ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியாது, பயமில்லை என்கிறார்கள் பெற்றோர். சிறு தொகைகளுக்கான யுபிஐ லைட் அந்த எண்ணைக் கேட்பதில்லை. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை போகும், 5,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம். போனின் பூட்டு தெரிந்த பிள்ளைக்கு வேறு தடை இருக்காது. பிள்ளை எடுக்கும் போனில் யுபிஐ லைட்டை மூடிவிடுங்கள். மீதிப் பணம் வங்கிக் கணக்குக்கே திரும்பும். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. எழுதத் தெரியாத பிள்ளைக்கும் மைக்கை அழுத்தத் தெரியும். "நாப்பத்தொம்பதும் முப்பத்தேழும் எவ்ளோ" என்று கேட்டால் போன் 86 என்கிறது. நோட்டில் 86, எங்கள் சிவப்பு மையில் ஒரு டிக். போன் இல்லாமல் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை 716 என்று எழுதியிருக்கும்: நாலும் மூணும் ஏழு, ஒன்பதும் ஏழும் பதினாறு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். அந்தத் தப்பு எங்கள் கண்ணில் பட்டால்தான் பிள்ளைக்கு இடமதிப்பு பிடிபடவில்லை என்று தெரியும். சரியான விடை அதை மறைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு கட்டு ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, 49-க்கு நாலு கட்டும் ஒன்பது உதிரியும், 37-க்கு மூணு கட்டும் ஏழு உதிரியும் வைக்கச் சொல்லுங்கள். உதிரி பதினாறில் பத்தை எடுத்துப் பிள்ளையே கட்ட வேண்டும். நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். எட்டுக் கட்டும் ஆறு உதிரியும் நிற்கும். பிறகும் நோட்டில் தப்பாக எழுதினால் எழுதட்டும், அழித்துத் திருத்தி அனுப்ப வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலைகள் உண்டு. உங்கள் பிள்ளை எந்த நிலை என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, மூன்றாம் வகுப்பு விடையைப் பார்த்து எழுதுவது கைவலிக்குத்தான் உதவும்.

எங்கள் பக்கத்துக் குறையும் உண்டு. வகுப்புக் குழுவில் இருக்கும் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது; முகப்புப் படத்தில் சீருடையோடு பிள்ளை. வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் பெற்றோரின் எண்கள் மற்ற பெற்றோருக்குத் தெரியாது. அதற்கு மாறலாம். பரிசு வாங்கிய பிள்ளையின் படம் போடும்போது பெயரும் பேட்ஜும் தெரியாமல் பார்க்கலாம். (நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.)

முன்பின் தெரியாத யாரோ பிள்ளையிடம் படம் கேட்டதாகத் தெரிந்தால், முதலில் பிள்ளையை அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை சொல்லாது. உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், ஆகவே எண்ணையும் கணக்கின் முகவரியையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். ஆபாசப் படம் ஏதும் இருந்தால் சாட்சிக்கு என்று யாருக்கும் அனுப்பக் கூடாது. குழந்தையின் அத்தகைய படத்தைப் பகிர்வது போக்சோ சட்டப்படி குற்றம். போனோடு காவல் நிலையம் போகலாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930.

இவ்வளவையும் துண்டறிக்கையாக அடித்துக் கொடுத்தால் பொட்டலம் மடிக்கத்தான் போகும். புரட்டாசிக்குள் நடக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அரை மணி ஒதுக்கி, பெற்றோர் போன்களை அங்கேயே எடுக்கச் சொல்லி, யுபிஐ லைட்டை மூடுவதையும் தீக்ஷாவில் ஒரு பாடம் இறக்குவதையும் அவர்கள் கையாலேயே செய்ய வைக்கத் தலைமையாசிரியர்கள் முன்வர வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.